குதிரையோடு இறங்கிய சந்தியோகுமையோர்

தீவுகளுக்கு வள்ளம் ஓட்டப் புதிதாக வந்திருக்கும் தம்பிமாரே,

உங்களுக்கு நேர்மை பற்றி ஒருநாள் பயிற்சிப் பட்டறை வைத்தார்களாம். கொழும்பிலிருந்து ஒருவர் வந்து திரையில் படம் காட்டினாராம். மத்தியானம் கோழிப் புரியாணியாம். என் காலத்தில் இதெல்லாம் இல்லை. நேர்மையும் இல்லாமல் புரியாணியும் இல்லாமல்தான் வேலைக்குச் சேர்ந்தோம். ஆகையால் அந்த வகுப்பில் விட்டுப்போயிருக்கக்கூடிய ஒன்றை மட்டும் நான் சொல்கிறேன். எஞ்சினைப் பற்றியும் நீரோட்டத்தைப் பற்றியும் சொல்ல மாட்டேன். அது உங்களுக்குத் தெரியும், தெரியாவிட்டால் கடல் சொல்லித்தரும்.

நான் கத்தோலிக்கன். எங்கள் பக்கத்து வள்ளங்களில் பக்திக்கு ஒரு குறைவும் கிடையாது. முன்னுக்கு மாதா படம், பின்னுக்கு அந்தோனியார் படம், நடுவில் 'ஆண்டவரே துணை' என்று சிவப்புப் பெயின்ற். உயிர்காப்பு அங்கிகளும் உண்டு. ஆனால் அவை ஊத்தையாகிவிடும் என்று வாங்கும்போது சுற்றியிருந்த பொலித்தீனைக் கழற்றாமல் பெட்டிக்குள் பூட்டி வைத்திருப்பார்கள். பெட்டித் திறப்பு முதலாளி வீட்டில் இருக்கும். ஆண்டவர் துணை இருக்கும்போது திறப்பு எதற்கு?

ஆட்களை ஏற்றிக் கயிற்றை அவிழ்க்கும் முன் நான் எழுந்து நின்று சிலுவை அடையாளம் போட்டு ஒரு செபம் சொல்லுவேன். எல்லோரும் சொல்லுவார்கள். சைவ ஆட்களும் கைகூப்புவார்கள். நல்ல வழக்கம் என்று சுவாமிமார் என்னைப் பாராட்டியிருக்கிறார்கள். எனக்கும் அதில் கொஞ்சம் தலைக்கனம் இருந்தது.

என்னோடு வேலை செய்த எஞ்சின்காரர் நயினாதீவு அம்மனின் பக்தர். என் வயதுதான். வாய் நிறைய வெற்றிலை, அதனால் பேச்சுக் குறைவு. பெயரைச் சொன்னால் கோபிப்பார். ஒருநாள் நான் செபத்தை முடித்து ஆமென் சொல்லி உட்கார்ந்தபோது, எஞ்சின் கிடங்குக்குள்ளிருந்து தலையை நீட்டினார்.

"அண்ணை, ஒண்டு கேட்டால் கோவிக்க மாட்டியளே?"

"கேளுங்கோ."

"ஆக்களை ஏத்திப்போட்டுப் பேந்துதான் கும்பிடுறியள். ஆக்கள் கூடிப்போச்செண்டு ஆண்டவர் சொன்னால் இறக்குவியளோ?"

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. வெற்றிலையைத் துப்பிவிட்டுக் கிடங்குக்குள் போய்விட்டார். அந்தக் கேள்வி மட்டும் என்னோடு வீடு வரைக்கும் வந்தது. ஞானோபதேசம் படித்து, பாவசங்கீர்த்தனம் செய்து, நற்கருணை வாங்கி வளர்ந்த எனக்கு அது ஒரு சைவக்காரர் கேட்டபிறகுதான் விளங்கியது. எல்லாவற்றையும் நானே முடிவுசெய்துவிட்டு, கடைசியில் கையெழுத்து வாங்கத்தான் ஆண்டவரிடம் போய்க்கொண்டிருந்தேன்.

அடுத்த நாளிலிருந்து செபத்தை முன்னுக்குக் கொண்டுவந்தேன். வெறும் வள்ளம், துறையில் சனம், நான் முன்னால் அணியத்தில் நின்று செபம். அதன்பிறகுதான் ஏற்றம். சனத்துக்குப் பிடிக்கவில்லை. இடம்பிடிக்க நிற்கிறவனுக்குச் செபம் நீளமாகத்தான் தெரியும். ஆனால் எனக்கு ஒரு வித்தியாசம் விளங்கியது. முன்னுக்குச் செபித்தால், ஏறுகிற ஒவ்வொரு ஆளையும் அவரும் பார்த்துக்கொண்டிருப்பதுபோல இருக்கும். வள்ளத்துப் பலகையில் எழுதியிருக்கும் ஆள் அளவுக்கு மேலே ஒருவரை ஏற்றக் கை நீளாது.

இனி விசயத்துக்கு வருகிறேன். எந்தத் தீவு, எந்தக் கோயில் என்று கேட்க வேண்டாம். பெருநாள் சபையார் இன்னும் உயிரோடும் கோபத்தோடும் இருக்கிறார்கள்.

அந்தக் கோயிலுக்குச் சந்தியோகுமையோர் பாதுகாவலர். வெள்ளைக் குதிரையில் வாளோடு இருப்பாரே, அவர். பழைய சுருவம் சின்ன மரச்சிலை. குதிரையின் வால் எப்போதோ உடைந்துபோய்விட்டது. கனடாவில் இருக்கும் எங்கள் ஊர்ச் சங்கத்தாருக்கு வாலில்லாத குதிரையைப் பார்க்கப் பொறுக்கவில்லை. புதுச் சுருவம் ஒன்று செய்வித்தார்கள். ஆளுயரப் புனிதர், அதற்கேற்ற குதிரை, அடியில் கொங்கிறீற் பீடம். பெருநாளுக்கு முதல்நாள், வேஸ்பர் வழிபாட்டன்று பின்னேரம், புதுச் சுருவம் தோளில் சுமக்கும் கூட்டில் ஏறி வீதி சுற்றும், அதைக் கனடாவில் நேரலையில் பார்க்கலாம் என்று வாட்ஸ்அப்பில் அறிவித்தும் விட்டார்கள்.

சந்தியோகுமையோரின் பெருநாள், கடல் கொந்தளிக்கிற சோளகக் காற்றுக் காலத்தின் நடுவில் வருகிறது. காற்றுக்குப் பெருநாள் தெரியாது.

வேஸ்பர் அன்று பின்னேரம், அன்றைய கடைசி வள்ளம் என்னுடையது. துறையில் சனம் நிறைந்து வழிந்தது. லண்டனிலிருந்து வந்தவர்கள், பாண்டு வாத்தியக்காரர், ட்ரோன் கமெரா பிடிக்கிற ஒரு பெடியன், தாய்மார், சாமான் மூட்டைகள். எல்லோருக்கும் நடுவில் சபைத் தலைவர். கொழும்புக் கந்தோர் ஒன்றில் பெரிய பதவியில் இருந்து ஓய்வுபெற்றவர். கெட்ட மனிதர் அல்ல. தவக்காலத்தில் ஒருசந்தி நோன்பு விடமாட்டார். செபமாலையை அவர்தான் முன்மொழிவார். பெருநாள் வந்தால் மட்டும் அவருக்கு ஒருவிதக் காய்ச்சல் பிடித்துவிடும்.

நான் அணியத்தில் நின்று செபத்தைத் தொடங்கினேன்.

"தம்பி, சுருக்கமாச் சொல்லும்," என்றார் தலைவர். "வேஸ்பருக்கு நேரம் போகுது."

செபத்துக்குப் போகிறவர் செபத்தைச் சுருக்கச் சொன்னார். நான் முழுதாகச் சொல்லி முடித்து ஆட்களை ஏற்றினேன். பலகையில் எழுதிய அளவு வந்ததும் கையைக் காட்டி நிறுத்தினேன். தலைவரும் எங்கள் புதுச் சுவாமியும் ஏறியாகிவிட்டது. சுவாமி சின்ன வயது. அதுதான் அவருக்கு முதல் பங்கு. கடலைக் கண்டால் அவருக்கு வயிறு புரட்டும். அந்த வள்ளத்தில் காப்பு அங்கியைக் கேட்டு வாங்கி, கழுத்துவரை இறுக்கிக் கட்டியிருந்தவர் அவர் ஒருவர்தான். (பெட்டியின் பூட்டை நான் உடைத்தது வேறு கதை.)

அப்போதுதான் லொறி வந்தது.

சுருவம் காலையிலேயே வேறு வள்ளத்தில் போய்விடும் என்றுதான் எனக்குச் சொல்லியிருந்தார்கள். எங்கேயோ சில்லுக் காற்றுப் போய், லொறி பிந்தி வந்து நிற்கிறது. நான் வேண்டாம் என்று சொல்லச் சொல்லச் சபை இளைஞர் பாட்டோடு சுருவப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து வள்ளத்தின் நடுவில் வைத்துவிட்டார்கள். வள்ளம் ஒருதரம் மூச்சுவிட்டதுபோல் தாழ்ந்தது. நீர்மட்டக் கோடு கண்ணுக்குத் தெரியவில்லை. எஞ்சின்காரர் கிடங்குக்குள்ளிருந்து என்னைப் பார்த்தார்.

"தலைவர், இது ஏலாது," என்றேன். "பெட்டி இறங்கவேணும். இல்லாட்டி அந்தப் பாரத்துக்கு ஆக்கள் இறங்கவேணும்."

தலைவர் என்னைப் பார்த்த பார்வையை மறக்க மாட்டேன். கோபம் இல்லை, பரிதாபம். "தம்பி, புனிதர் ஏறின வள்ளம் தாழுமோ? உமக்கு விசுவாசம் இல்லையோ?"

"விசுவாசம் இருக்கு, தலைவர். வள்ளத்திலதான் இடமில்லை."

சிலர் சிரித்தார்கள். சிரித்தார்களே ஒழிய ஒருவரும் அசையவில்லை. யாராவது இறங்குவீர்களா என்று கேட்டேன். உடனே எல்லோரும் மற்றவர் முகத்தைப் பார்த்தார்கள். லண்டன்காரர் தான் இதற்காகவே ரிக்கற் போட்டு வந்ததாகச் சொன்னார். பாண்டுக்காரர் தாங்கள் இல்லாமல் கூடு நகராது என்றார்கள். ட்ரோன் பெடியன், "நான் இல்லாட்டி லைவ் இல்லை, அங்கிள்," என்றான். ஒரு தாய் செபமாலையை எடுத்து உருட்டத் தொடங்கிவிட்டாள். செபம் சொல்லுகிற ஒருத்தியை எப்படி இறங்கச் சொல்வது? அது அவளுக்கும் தெரியும்.

இந்தக் கூத்து நடந்துகொண்டிருக்கும்போது யாழ்ப்பாணத்து பஸ் வந்து நின்றது. அதிலிருந்து ஒரு பெண் இறங்கி, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு துறையில் ஓடிவந்தாள். பூரணம் என்று பெயர். சைவப் பிள்ளை. யாழ்ப்பாணத்தில் ஒரு தையல் கடையில் வேலை செய்கிறவள். எனக்கு முகம் பழக்கம்.

"அண்ணை, என்னையும் ஏத்துங்கோ. ஐயாவுக்குச் சேடம் இழுக்குதாம். என்ரை பேரைச் சொல்லிக் கேக்கிறாராம். தம்பி இப்பத்தான் போன் எடுத்தவன்."

அடுத்த வள்ளம் விடியத்தான். அவளுடைய தகப்பனுக்கு விடிகிறவரை நேரமில்லை என்று அவள் குரலிலேயே தெரிந்தது.

தலைவருக்கும் இரக்கம் வந்தது. அதைச் சொல்ல வேண்டும். "பாவம்," என்றார். "பிள்ளை, விடிய முதல் வள்ளத்தில வாரும். நாங்கள் உம்மட ஐயாவுக்காகப் பூசையில ஒரு மன்றாட்டுச் சேர்க்கிறம்."

தம்பிமாரே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். தலைவர் பொய் சொல்லவில்லை. மன்றாட்டை நிச்சயமாகச் சேர்த்திருப்பார், ஒலிபெருக்கியில் பெயரோடு வாசித்திருப்பார். இப்படித்தான் பிழைகள் நடக்கின்றன. செய்ய வேண்டியதைச் செய்யாமல் விடுவதற்கு நாங்கள் யாரும் கள்ளையும் சூதையும் தேடிப் போவதில்லை. ஒரு செபம் கிடைத்தால் போதும்.

எனக்குப் பயம் இருந்தது. கடலுக்கல்ல, கோயில் வாசலுக்கு. எங்கள் வீட்டு ஆண்கள் தலைமுறையாகக் கூட்டின் முன் வலப்பக்கத்துக்குத் தோள் கொடுக்கிறவர்கள். அப்பு கொடுத்தார், பிறகு நான். வருசம் முழுக்க உப்புக்காற்றில் வெந்து கிடக்கிற எனக்கு அந்த ஒரு பின்னேரம்தான் மரியாதை. இன்றைக்குச் சபையோடு முறைத்தால் அந்தத் தோள் போய்விடும் என்று எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.

ஆனால் நான் ஏற்ற முந்தியே ஆண்டவரிடம் கேட்டுவிட்டேனே. அதுதான் தொல்லை. செபத்தைப் பின்னுக்கு வைத்திருந்தால் கண்ணை மூடிக்கொண்டு கயிற்றை அவிழ்த்திருப்பேன்.

சுவாமியிடம் திரும்பினேன். "சுவாமி, நீங்கள் சொல்லுங்கோ."

சுவாமிக்கு வியர்த்தது. அவர் குடியிருக்கும் அறைவீட்டுக்குக் கூரை போட்டது சபை. சாப்பாட்டு முறை வைப்பதும் சபை. அவர் தலைவரைப் பார்த்தார், அலையைப் பார்த்தார், செருப்பைக் கையில் பிடித்தபடி நின்ற பூரணத்தைப் பார்த்தார். பிறகு காப்பு அங்கியின் வாரை இன்னும் ஒருதரம் இறுக்கினார்.

"வேதாகமத்தில, ஆண்டவரே இருந்த வள்ளத்துக்குள்ளயும் தண்ணி வந்ததுதானே, தலைவர்," என்றார் மெல்ல. "சுருவத்தை இறக்குவம்."

பாட்டோடு ஏற்றியவர்கள் இறக்க வரவில்லை. புனிதரை இறக்குவது தோஷமாம். எஞ்சின்காரர்தான் கிடங்கிலிருந்து ஏறிவந்தார். எண்ணெய்க் கையைச் சாரத்தில் துடைத்தார். பெட்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "கோவிக்காதேங்கோ ஐயா, ஒருக்கா இறங்குங்கோ," என்றார். உள்ளே இருந்தவர் மறுக்கவில்லை. துறையில் வலை காயப்போட்டுக்கொண்டிருந்த நாலைந்து பேர் ஓடிவந்து கைகொடுத்தார்கள். சந்தியோகுமையோர் குதிரையோடு கரையில் இறங்கினார்.

தலைவரின் முகம் கறுத்துவிட்டது. "சுருவத்தைத் தனிய விட்டிட்டு நான் வரமாட்டன்," என்று அவரும் இறங்கினார். அந்த ஒரு இடத்தில்தான் பூரணம் ஏறினாள். இறங்கும்போது எனக்கு மட்டும் கேட்கத் தலைவர் சொன்னார்: "இந்தமுறை கூட்டுக்குத் தோள் குடுக்க வரவேண்டாம். இனி ஒருமுறையும் வரவேண்டாம்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. கயிற்றை அவிழ்க்கிற சாட்டில் மறுபக்கம் திரும்பிக்கொண்டேன்.

அன்றைக்கு நடுக்கடலில் காற்றுப் பிடித்தது. ஒன்றிரண்டு அலை உள்ளே ஏறியது. பெட்டி இருந்திருந்தால் தாழ்ந்திருப்போம் என்று நான் சொல்ல வரவில்லை. ஒருவேளை தாழாமலும் போயிருக்கலாம். நடக்காத விபத்துக்குச் சாட்சி கிடையாது. ஆகவே சரியாக வேலை செய்கிறவனுக்குச் சான்றிதழும் கிடையாது. இதைப் பட்டறையில் சொல்லியிருக்க மாட்டார்கள்.

பூரணம் போய்ச் சேர்ந்தபோது தகப்பனுக்கு அறிவு இருந்தது. அவளை அடையாளம் கண்டுகொண்டார். கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு கனநேரம் இருக்கவில்லை.

கூடு அன்றைக்குப் பழைய சுருவத்தோடு வீதி சுற்றியது. வாலில்லாத குதிரை கனடாவில் நேரலையில் ஓடியது. என் இடத்தில் வேறொருவர் தோள் கொடுத்தார். நான் சனத்துக்குப் பின்னால் நின்றேன். மெழுகுதிரி வெளிச்சம் தூரத்தில் ஆடியாடிப் போவதைப் பார்க்க நெஞ்சு கனத்தது. நான் செய்தது சரி என்று தெரிந்தும் அந்தக் கனம் குறையவில்லை. சரியாகச் செய்தால் மனம் லேசாகும் என்று யாராவது உங்களுக்குச் சொன்னால் நம்பாதேயுங்கள்.

மறுநாள் விடிய முதல் வள்ளத்தில் புதுச் சுருவமும் தலைவரும் வந்து சேர்ந்தார்கள். புனிதர் பளபளவென்று இருந்தார். தலைவரை இரவு முழுக்க நுளம்பு கடித்துத் தின்றிருந்தது.

இனித்தான் அற்புதம்.

கனடாச் சங்கத்தார் கொதித்துப்போய்ப் போன் எடுத்திருக்கிறார்கள். தாங்கள் அனுப்பிய குதிரை எங்கே, வாலில்லாத குதிரை ஏன் வந்தது என்று கேள்வி. தலைவர் என்ன சொல்வார்? வள்ளக்காரன் இறக்கிவிட்டான் என்றால் சபைக்கு மரியாதையில்லை. அளவுக்கு மேல் ஏற்றினோம் என்றால் அதைவிட மரியாதையில்லை. திருநாள் பூசை முடிந்ததும் ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

"அன்பானவர்களே, நேற்று எங்கள் கண்முன்னே ஒரு அற்புதம் நடந்தது. ஒரு ஏழைப் பெண் தகப்பனைக் காண அழுதுகொண்டு வந்தாள். வள்ளத்தில் இடமில்லை. எங்கள் பாதுகாவலர் தாமே இறங்கி அவளுக்கு இடம் விட்டார்!"

சனம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. எனக்குப் பக்கத்தில் நின்ற எஞ்சின்காரருக்குப் புரையேறிவிட்டது. முதுகில் நான்தான் தட்டினேன்.

அந்தக் கதை யூடியூப்பில் போனது. கனடாக்காரர் மனம் குளிர்ந்தார்கள். இப்போது துறையில் 'புனிதர் இறங்கிய இடம்' என்று ஒரு பளிங்குக் கல் இருக்கிறது. நீங்கள் எல்லோரும் அதில்தான் சோற்றுப் பெட்டியை வைத்துச் சாப்பிடுகிறீர்கள். கத்தோலிக்கர் மெழுகுதிரி வைக்கிறார்கள், சைவ ஆட்கள் கற்பூரம் கொளுத்துகிறார்கள். கதையில் வள்ளக்காரன் இல்லை. ஆனால் தோள் கொடுக்க வரவேண்டாம் என்ற தடை மட்டும் அப்படியே இருந்தது. அதை எடுப்பதென்றால் ஏன் போட்டோம் என்று சொல்ல வேண்டும் அல்லவா?

அடுத்த வருசப் பெருநாளுக்குப் பூரணம் பூமாலையோடு வந்தாள். பின்னால் நின்ற என்னைக் கண்டுபிடித்து வந்து கேட்டாள்.

"அண்ணை, எனக்காக இறங்கினவர் அந்தக் குதிரைக்காரரோ?"

உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாய்வரை வந்தது. பக்கத்தில் எஞ்சின்காரர் வெற்றிலையை மெல்லுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். நான் யோசித்தேன். ஏற்ற முந்தி நான் யாரிடம் கேட்டேன்? அந்த மறுமொழி என்னுடையதா?

"ஓம் பிள்ளை, அவர்தான்," என்றேன்.

"ஐயா என்ரை கையைப் பிடிச்சுக்கொண்டுதான் போனவர். நான் இவருக்கு என்ன நேர்த்திக்கடன் வைக்க?"

எனக்குச் சட்டென்று கோபம்போல ஒன்று வந்தது. அவள்மேலல்ல. கல்லையும் கூட்டையும் ஒலிபெருக்கியையும் நினைத்து. "நேர்த்தி ஒண்டும் வேண்டாம். வள்ளம் நிறைஞ்ச நேரம் ஆரும் அந்தர அவசரத்தில ஓடிவந்தால், அவர் செய்ததை நீரும் செய்யும்."

அவள் தலையாட்டிவிட்டுப் போனாள். நான் மறந்துவிட்டேன்.

பிறகு நான் ஓய்வுபெற்ற வருசம் வந்தது. ஒருநாள் பின்னேரம், கடைசி வள்ளம். வழக்கம்போல முன்னுக்குச் செபம், பிறகு ஏற்றம், அளவு வந்ததும் கையைக் காட்டிவிட்டேன். தலைவர் உள்ளே இருந்து போனில் தன்னுடைய அற்புதத்தை யாருக்கோ காட்டிக்கொண்டிருந்தார். அப்போது ஒரு இளம் தகப்பன் துறையில் ஓடிவந்தான். தீவு ஆஸ்பத்திரியில் பிள்ளைக்குக் காய்ச்சல், மருந்து பட்டணத்தில்தான் இருந்ததாம், பையை உயர்த்திக் காட்டினான். பையை மட்டும் கொடுத்துவிடு, கொண்டுபோய்ச் சேர்க்கிறேன் என்றேன். பையைத் தந்தான். ஆனால் கையை எடுக்கவில்லை. நான் வள்ளத்துக்குள் திரும்பிப் பார்த்தேன். உள்ளே இருந்தவர்கள் தங்கள் வழக்கப்படி ஒருவர் முகத்தை மற்றவர் பார்க்கத் தொடங்கினார்கள். செபமாலை ஒன்று வெளியே வந்தது.

நான் வாயைத் திறக்கும் முன்பே பூரணம் கரையில் நின்றாள். கையில் சாமான் பை, தோளில் குடை. அவள் எப்போது எழுந்தாள், எப்போது இறங்கினாள் என்று நான் பார்க்கவில்லை.

"பிள்ளை, இருட்டப்போகுது, எங்க தங்குவீர்?"

"துறையடியில அக்கா ஒராள் இருக்கிறா, அண்ணை. நீங்கள் வெளிக்கிடுங்கோ. குதிரையில வந்தவரே இறங்கினவராம், எனக்கென்ன?"

அந்தத் தகப்பன் ஏறினான். நான் கயிற்றை அவிழ்த்தேன்.